‘சர்வர் ஸ்லோ’ என்பது பதில் அல்ல

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச வருகிறவர்கள் வழக்கமாக வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசுவார்கள். தலைவர் அண்ணாச்சி எனக்குப் போன் செய்தபோது, “தம்பி, முன்னேற்றம் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நீ பாக்கிற வேலையில இருந்து ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லு. பிள்ளைக வீட்டுக்குப் போய்ச் செஞ்சு பாக்கிற மாதிரி இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். நானும் அதற்குக் கட்டுப்பட்டு, மிகச் சிறிய விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். டேட்டாபேஸில் ‘ஸ்லோ குவரி லாக்’ என்று ஒன்று உண்டு. தமிழில் சொன்னால், மெதுவாக ஓடும் கேள்விகளின் குறிப்பேடு. அதை எப்படித் திறப்பது, திறந்தது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, அதில் விழுவதை எப்படிப் படிப்பது: இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்கள் எழுந்து போய்விட வேண்டாம். பேங்கில் இருக்கிறீர்கள், பள்ளிக்கூடத்தில் இருக்கிறீர்கள், தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறீர்கள். உங்கள் எல்லாருடைய மேஜையிலும் இன்று டேட்டாபேஸ் இருக்கிறது. அது மெதுவானால் முதலில் ஏச்சு வாங்குவது நீங்கள்தான்.

ஒரு சொல்லுக்குப் பின்னால்

நம் பக்கத்து ஊர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாஞ்சாலங்குறிச்சி என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வயதான ஒரு அம்மா காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏதோ ஒரு அலுவலகத்துக்கு வருகிறார். எந்த அலுவலகம் என்ற பெயர் நமக்கு வேண்டாம். தன்னுடைய மனு என்ன ஆயிற்று என்று கேட்கிறார். கவுண்ட்டரில் இருக்கும் பிள்ளை நம்பரைத் தட்டுகிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வரிசை நீள்கிறது. கடைசியில், “பாட்டிம்மா, சர்வர் ஸ்லோவா இருக்கு. நாளைக்கு வாங்க.” அந்த அம்மா, “அய்யா, நாளைக்கும் பஸ்ஸுக்குக் காசு வேணுமே” என்கிறார்.

கவுண்ட்டரில் இருக்கும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. மேலதிகாரியைக் கேட்டால் அவரும் ‘சர்வர் ஸ்லோ’ என்பார். சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவரைக் கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்பார். நெட்வொர்க் பார்ப்பவர் சர்வர் பழசு என்பார். புது சர்வர் வாங்க டெண்டர் போவார்கள். அந்த அம்மாவுக்குப் போனது ஒரு நாள் கூலி. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ‘சர்வர் ஸ்லோ’ என்பது நோயின் பெயர் அல்ல. ‘உடம்பு சரியில்லை’ என்பது போன்ற ஒரு சொல். எந்தக் கேள்வி, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி எடுத்தது என்று எழுதி வைத்தால்தான் வைத்தியம் தொடங்கும். எழுதி வைக்கிற வேலையை டேட்டாபேஸே செய்து தரும். நாம் அதைச் செய்யச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

கேள்வி ஏன் மெதுவாகிறது?

இதை விளக்க வெளியே எங்கும் போக வேண்டாம். நம் கிராமக் கணக்கே போதும். 1980-ல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆள் மாறினாலும் கணக்குப் புத்தகங்கள் மாறவில்லை. ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. அது சர்வே நம்பர் வரிசையில் இருக்கும். ‘நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் புஞ்சை யாருடையது?’ என்று கேட்டால், நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டிச் சொல்லிவிடலாம்.

அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு, ‘இன்னாருக்கு இந்த ஊரில் எத்தனை இடத்தில் நிலம் இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சிட்டா என்று தனியாக ஒரு கணக்கு வைத்தார்கள். அது பட்டா வாரியாக இருக்கும். ஒரு பட்டாதாரரின் நிலம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நிலம் அதே நிலம்தான். வரிசைதான் வேறு.

டேட்டாபேஸில் ‘இண்டெக்ஸ்’ என்று சொல்வது இந்தச் சிட்டாதான். 1970-ல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் என்ற அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களை அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும், எப்படித் தேடுவது என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. இன்றைய ரிலேஷனல் டேட்டாபேஸ் எல்லாம் அதிலிருந்து முளைத்தவை. அதில் பெரிய வசதி உண்டு. ஒரு ஆபத்தும் உண்டு. சிட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை சரியாகவே வரும். நூறு வரி உள்ள அட்டவணையில் வித்தியாசமே தெரியாது. வரிகள் லட்சக்கணக்கில் பெருகும்போதுதான் சுற்றுகிற வட்டம் நிற்காது. அதனால்தான் கல்லூரி லேபில் பறந்த புரோகிராம், வேலைக்குப் போன இடத்தில் ஊர்கிறது.

குறிப்பேட்டைத் திறப்பது

இனி செய்முறை. மை-எஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்கிறேன். 1995-ல் வந்தது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், நம் ஊரில் சின்னக் கடையின் பில்லிங் முதல் பெரிய நிறுவனம் வரை பரவியிருக்கிறது.

இதில் ஸ்லோ குவரி லாக் பிறக்கும்போதே மூடித்தான் இருக்கிறது. நாம்தான் திறக்க வேண்டும். ஆனால் திறப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். ‘ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டு, அதில் ‘ஸ்லோ குவரீஸ்’ என்ற வரியைப் பாருங்கள். லாக் மூடியிருந்தாலும், வரம்பைத் தாண்டிய கேள்விகள் எத்தனை என்று இயந்திரம் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். எண்ணிக்கை தெரியும், எந்தக் கேள்வி என்பது மட்டும் தெரியாது. அது தெரியத்தான் லாக்.

மூன்று குமிழ்களை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது ‘ஸ்லோ குவரி லாக்’. இதை ஆன் செய்ய வேண்டும். இரண்டாவது ‘லாங் குவரி டைம்’. எத்தனை விநாடிக்கு மேல் போனால் எழுத வேண்டும் என்ற வரம்பு இது. மூன்றாவது ‘ஸ்லோ குவரி லாக் ஃபைல்’. எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பது. இந்தச் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் அடிக்கோடு போட்டு எழுத வேண்டும். நிர்வாகி அனுமதியோடு உள்ளே போய் ‘செட் குளோபல்’ என்று தொடங்கி இவற்றின் மதிப்பை மாற்றலாம். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. கவுண்ட்டரில் கூட்டம் இருக்கும்போதே செய்யலாம்.

இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, செட் குளோபல் என்று சொன்னது சர்வரை மறுபடி துவக்கினால் மறந்துபோகும். நிலைத்திருக்க வேண்டுமானால் கான்ஃபிகரேஷன் கோப்பிலும் எழுத வேண்டும். 2018-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து ‘செட் பெர்சிஸ்ட்’ என்று சொன்னாலும் நிலைக்கும். இரண்டாவது, வரம்பை மாற்றினால் அது புதிதாக வரும் இணைப்புகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களுக்குப் பழைய வரம்புதான். விடுதியில் விதி மாறினால் புது அட்மிஷனுக்குத்தான் என்பார்களே, அந்த மாதிரி. ஆகவே உங்கள் புரோகிராம் இணைப்பை விட்டுவிட்டுத் திரும்பச் சேரும்வரை லாகில் மாற்றம் தெரியாமல் போகலாம்.

முக்கியமான விஷயம் வரம்பு. கம்பெனி வைத்து அனுப்பும் வரம்பு 10 விநாடி. இதைக் கவனியுங்கள். ஒரு கேள்விக்கு 9 விநாடி ஆனால், அது மெதுவானதே இல்லை என்று இயந்திரம் முடிவு கட்டிவிடும்! கவுண்ட்டர் வேலைக்கு 1 விநாடி, பழகிய பிறகு அரை விநாடி என்று வைத்துக்கொள்வது நல்லது. பழைய காலத்தில் முழு விநாடிக் கணக்கில்தான் வைக்க முடியும். 5.1.21 பதிப்பிலிருந்து விநாடியின் பின்னத்தையும் வைக்கலாம்.

போஸ்ட்கிரஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரே குமிழ்தான்: ‘லாக் மின் ட்யூரேஷன் ஸ்டேட்மெண்ட்’. மைனஸ் 1 என்றால் மூடியிருக்கிறது; முதலில் அப்படித்தான் இருக்கும். சும்மா 500 என்று எழுதினால் அரை விநாடி, ஏனென்றால் அங்கே கணக்கு மில்லி விநாடியில். மாற்றியபின் கான்ஃபிகரேஷனை மறுபடி படிக்கச் சொன்னால் போதும். சர்வரை நிறுத்த வேண்டாம்.

திறந்தது திறந்ததுதானா?

நம் ஊரில் கிணற்றுக்கு மோட்டார் மாட்டினால், சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். வாய்க்கால் வரை நடந்து போய்த் தண்ணீர் விழுகிறதா என்று பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். ‘ஷோ வேரியபிள்ஸ்’ என்று கேட்டு மூன்று குமிழ்களும் நாம் வைத்தபடி இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு வெளியே வந்து, புதிதாக உள்ளே போய், வேண்டுமென்றே ஒரு சோம்பேறிக் கேள்வியைக் கேளுங்கள். ‘செலக்ட் ஸ்லீப்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 3 போட்டால், இயந்திரம் மூன்று விநாடி தூங்கி எழும். வரம்பு 1 விநாடி என்றால் அந்தக் கேள்வி லாகில் வந்து விழ வேண்டும்.

விழவில்லையா? வரம்பு எந்த இணைப்பில் பழையதாக இருக்கிறது என்று பாருங்கள். கோப்பு எங்கே என்று பாருங்கள். பெயர் கொடுக்காவிட்டால், மெஷின் பெயரோடு ‘ஸ்லோ’ என்று சேர்த்து டேட்டா டைரக்டரியிலேயே எழுதும். அந்த இடத்தில் எழுத டேட்டாபேஸுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். ‘லாக் அவுட்புட்’ என்ற அமைப்பு கோப்புக்குப் பதிலாக அட்டவணையில் எழுதச் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

படிப்பது எப்படி?

ஒவ்வொரு கேள்விக்கும் மேலே நாலு எண்கள் இருக்கும். கேள்வி எடுத்த நேரம், பூட்டுக்காகக் காத்த நேரம், திருப்பி அனுப்பிய வரிகள், புரட்டிப் பார்த்த வரிகள். கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரியைக் கொடுக்க 18 லட்சம் வரியைப் புரட்டியிருந்தால், அங்கே சிட்டா இல்லை, அல்லது இருந்தும் யாரும் அதைத் திறக்கவில்லை என்று அர்த்தம்.

இப்படி ஆயிரக்கணக்கில் விழும்போது ஒன்றொன்றாகப் படிக்க முடியாது. மை-எஸ்கியூஎல் கூடவே ‘மை-எஸ்கியூஎல் டம்ப் ஸ்லோ’ என்ற சின்னக் கருவியும் வருகிறது. அது கேள்விகளில் உள்ள எண்களையும் பெயர்களையும் மறைத்துவிட்டு, ஒரே அச்சில் வார்த்த கேள்விகளை ஒரு கட்டாகக் கட்டி, எத்தனை தடவை, மொத்தம் எத்தனை விநாடி என்று சொல்லும். பெர்கோனா நிறுவனத்தின் ‘பிடி குவரி டைஜெஸ்ட்’ இதையே இன்னும் விரிவாகச் செய்யும்.

இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன், மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ரிப்போர்ட் ராத்திரி ஒரு தடவை ஓடுகிறது, 12 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கேள்வி 0.4 விநாடிதான், ஆனால் பகலில் 50,000 தடவை ஓடுகிறது. இரண்டில் எது பெரிய நோய்? முதலாவது 12 விநாடியோடு சரி. இரண்டாவது மொத்தம் 20,000 விநாடி. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல்! கம்பெனி வரம்பான 10 விநாடியில் விட்டிருந்தால் முதலாவது மட்டும் லாகில் விழும். இரண்டாவது கடைசி வரை தலை காட்டாது. நாம் ராத்திரி ரிப்போர்ட்டைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருப்போம். பகலில் வரிசை அப்படியே நிற்கும்.

அந்தக் கருவியையும் சும்மா ஓட்டினால் சராசரி நேரப்படிதான் அடுக்கித் தரும். மொத்த நேரப்படி அடுக்கு என்று நாம் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் கூலி கணக்குப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு குரோஸ் கட்டில் மிஞ்சுவது பைசா. வருஷக் கணக்கில் அதுதான் லாபமும் நஷ்டமும்.

நான் பார்த்த ஒன்று

ஓர் இடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பல கவுண்ட்டர்கள், மக்கள் செல்போன் நம்பரைச் சொல்லித் தங்கள் மனுவின் நிலையைக் கேட்கும் இடம். புது சர்வர் வாங்கப் பணம்கூட ஒதுக்கியாகிவிட்டது. “ஸ்லோ லாக் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன். “ஆன்லதான் சார் இருக்கு. ஒரு மாசமா ஒண்ணுமே விழலை. அதனாலதான் மெஷின் பழசுன்னு முடிவு பண்ணினோம்” என்றார் அங்கிருந்த தம்பி. வரம்பைப் பார்த்தேன். 10 விநாடி.

வரம்பை 1 விநாடியாக்கி இணைப்புகளைப் புதுப்பித்தோம். ஒரு முழு வேலைநாள் விட்டோம். மாலையில் பார்த்தால் ஒரே கேள்வி, ஏறத்தாழ 4,000 தடவை, ஒவ்வொன்றும் மூன்று விநாடிக்கு மேல். கொடுத்தது 1 வரி, புரட்டியது 18 லட்சம் வரி. செல்போன் நம்பரைத் தேடும் கேள்விதான் அது.

“சார், அந்த நம்பருக்கு இண்டெக்ஸ் இருக்கே!” என்றார் தம்பி. உண்மைதான், இருந்தது. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்ற சொல்லைக் கேள்விக்கு முன்னால் போட்டால், எப்படித் தேடப் போகிறேன் என்று இயந்திரம் சொல்லும். போட்டுப் பார்த்தோம். இண்டெக்ஸ் இருந்தும் அதைத் தொடாமல், அட்டவணை முழுவதையும் படிக்கப் போகிறேன் என்றது.

காரணம் இதுதான். அட்டவணையில் செல்போன் நம்பர் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தது. புரோகிராம் அதை எண்ணாக அனுப்பியது, மேற்கோள் குறி போடாமல். முன்னால் சைபர் போட்ட நம்பர், முன்னால் இடைவெளி விட்ட நம்பர் எல்லாமே எண்ணாக மாற்றினால் ஒன்றுதான். ஆகவே எழுத்து வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸ் அங்கே உதவாது. இயந்திரம் ஒவ்வொரு வரியையும் எடுத்து எண்ணாக மாற்றி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. திருத்தம் என்ன தெரியுமா? அந்த நம்பரை எழுத்தாக அனுப்பச் செய்ததுதான். நம்பரைச் சுற்றி இரண்டு மேற்கோள் குறி. அதற்குப் பிறகு, கவுண்ட்டரில் தட்டியதும் விடை வந்தது. சர்வர் பழைய சர்வர்தான்.

அந்தத் தம்பி மறுநாள் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. “சார், இன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடியே வரிசை காலியாயிடுச்சு.” என் தொழிலில் இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்குத் தெரியாது.

சில எச்சரிக்கைகள்

இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கே எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். லாக் வளர்ந்து டிஸ்க்கை நிரப்பினால் டேட்டாபேஸே நிற்கும். கோப்பை அவ்வப்போது பெயர் மாற்றி எடுத்து வைத்துவிட்டு, ‘ஃப்ளஷ் ஸ்லோ லாக்ஸ்’ என்று சொல்லிப் புதுக் கோப்பு தொடங்க வேண்டும். இண்டெக்ஸ் பயன்படுத்தாத கேள்விகளையெல்லாம் எழுது என்று ஒரு குமிழ் உண்டு. பத்து வரி உள்ள சின்ன அட்டவணையில் முழுதாகப் படிப்பது தப்பே இல்லை. ஆனால் அதுவும் வந்து விழும். அதைத் திறந்தால் குப்பை சேரும்.

அடுத்தது, லாகில் கேள்வி முழுதாக இருக்கும். அதோடு ஜனங்களின் பெயர், போன் நம்பர், சில இடங்களில் ஆதார் நம்பர்கூட இருக்கும். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பி “இதப் பாருடா” என்று கேட்கக் கூடாது. அது பிறர் வீட்டுப் பெட்டி.

இன்னொன்று, ஒரு கேள்வி ஓடி முடிந்த பிறகுதான் லாகில் எழுதப்படும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதில் இருக்காது. அதைப் பார்க்க ‘ஷோ பிராசஸ் லிஸ்ட்’ என்று கேட்க வேண்டும். கடைசியாக, கண்டதற்கெல்லாம் இண்டெக்ஸ் போடாதீர்கள். நிலம் கைமாறும்போது ‘அ’ பதிவேட்டையும் திருத்த வேண்டும், சிட்டாவையும் திருத்த வேண்டும். பத்து சிட்டா வைத்தால் பத்தையும் திருத்த வேண்டும். படிப்பது வேகமாகும், எழுதுவது மெதுவாகும்.

எழுதி வைத்தவன்

பாஞ்சாலங்குறிச்சியின் பெயரைச் சொன்னேன். அதோடு ஒன்று சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. 1799-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமானது. 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து, அதே இடத்தில் சில நாட்களுக்குள் மண்கோட்டையை மறுபடி எழுப்பினார். இன்று நாம் பார்க்கும் நினைவுக் கோட்டை 1974-ல் அரசு கட்டியது. நம் ஜனங்கள் இந்தக் கதையைப் பாட்டாகவும் கூத்தாகவும் நெஞ்சில் வைத்திருந்தார்கள். ஆனால் எந்த நாள், எத்தனை பீரங்கி, எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற விவரத்துக்கு, எதிர்த்துப் போரிட்ட கம்பெனிக்காரர்களின் கடிதங்களையும் குறிப்புகளையும்தான் இன்றும் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் போரில் நேரில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியின் நூல் 1830-ல் வெளிவந்தது. நம் வீரத்துக்கு அவர்களுடைய புத்தகம் சாட்சி! எழுதி வைத்தவன் சொல்தான் பிறகு நிற்கிறது. சின்ன அலுவலகமானாலும் சரி, பெரிய போரானாலும் சரி, இது மாறுவதில்லை.

டேட்டாபேஸ் துறையில் இதை உலகுக்கே செய்து காட்டியவர்களில் ஒருவர் நம் சென்னை ஐஐடியில் படித்தவர். சி. மோகன். 1977-ல் அங்கே பட்டம் வாங்கியது கெமிக்கல் எஞ்சினியரிங்கில். பிறகு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படித்து ஐபிஎம்மில் சேர்ந்தார். அவரும் உடன் பணியாற்றியோரும் 1992-ல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ என்ற முறை, திடீரென்று கரண்ட் போனாலும் டேட்டாபேஸில் உள்ள கணக்கு கெடாமல் மீட்பது எப்படி என்று சொல்கிறது. அதன் உயிர்நாடியும் ஒரு லாக்தான். மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுது, அப்புறம் பக்கத்தில் எழுது என்பதே அடிப்படை. அது வேறு வகை லாக். நான் இன்று சொன்னது வேறு. ஆனால் புத்தி ஒன்றுதான். ‘நான் கெமிக்கல் குரூப், நான் காமர்ஸ் குரூப், எனக்கு இதெல்லாம் வராது’ என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். பழைய கம்ப்யூட்டர் போதும். மை-எஸ்கியூஎல்லை ஏற்றுங்கள். ஒரு அட்டவணையில் பத்து லட்சம் பொய்ப் பெயர்களை, பொய் நம்பர்களை நிரப்புங்கள். இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு நம்பரைத் தேடுங்கள். வரம்பைப் பத்தில் ஒரு விநாடிக்கு இறக்கி, லாகில் அது விழுவதைப் பாருங்கள். இண்டெக்ஸ் போட்டு மறுபடி தேடுங்கள். விழாமல் போவதைப் பாருங்கள். பிறகு நம்பரை எழுத்தாகச் சேமித்து எண்ணாகக் கேட்டுப் பாருங்கள். இண்டெக்ஸ் இருந்தும் திரும்ப விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். இன்டர்வியூவில் இதை நீங்களே செய்து பார்த்ததாகச் சொன்னால், கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். இன்று அந்த இன்டர்வியூ சென்னையிலோ பெங்களூரிலோதான் நடக்க வேண்டும் என்றில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்துக்கே 2011-ல் ஜோஹோ நிறுவனம் வந்துவிட்டது.

நண்பர்களே, நாளைக்கு உங்கள் ஆபீஸில் யாராவது ‘சர்வர் ஸ்லோ’ என்று சொன்னால் கோபப்படாதீர்கள். நாலே நாலு கேள்வி கேளுங்கள். லாக் திறந்திருக்கிறதா? வரம்பு எத்தனை விநாடி? மொத்த நேரத்தில் முதலில் நிற்கும் கேள்வி எது? அது எத்தனை வரி புரட்டி எத்தனை வரி கொடுத்தது? இந்த நாலுக்கும் விடை வந்துவிட்டால், அந்தக் கவுண்ட்டரில் நிற்கிறவருக்கு அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்ப வழி பிறக்கும்.